ஓர் எண், ஓர் ஆள்

தென்கரிசல் பல்கலைக்கழகத்தின் பதிவேட்டைத் திறந்து பார்த்தால், நான் நானூற்றுப் பன்னிரண்டு பட்டப்படிப்புகளை ஒரே நேரத்தில் படித்துக்கொண்டிருக்கும் மாணவன். விலங்கியல் படிக்கிறேன், வணிகவியல் படிக்கிறேன், தமிழ் இலக்கியம் படிக்கிறேன், மனையியல்கூடப் படிக்கிறேன். உள்ளதைச் சொன்னால் நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவன். திருச்சுழி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயர் காளிராஜ், வயது நாற்பத்து நான்கு. இதைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிக்கிறவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்துக்குள் ஒரு வாரம் போய்வந்து பார்க்க வேண்டும்.

தப்பு என்னுடையதுதான். முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கத்தில் போன் நம்பர் ஓர் ஆளுக்கு உரியதல்ல. வீட்டுக்கு ஒரு போன் இருக்கும். அப்பா திருப்பூருக்கு வேலைக்குப் போனால் அவரோடு போய்விடும். ஆடு மேய்க்கப் போனால் ஆட்டோடு போய்விடும். திருவிழாவில் யாராவது குடையை விரித்து உட்கார்ந்து புது சிம் சும்மா கொடுத்தால் பழைய நம்பருக்கு அன்றோடு ஆயுசு முடிந்தது. கல்லூரி விண்ணப்பத்தில் ‘மாணவரின் கைபேசி எண்’ என்ற கட்டம் வந்ததும் பிள்ளைகள் திருதிருவென்று முழிக்கும். “அண்ணே, ஒங்க நம்பரயே போட்டுருங்க” என்று சொல்லும். என் நம்பர் பதினாறு வருடமாக மாறாத நம்பர். போட்டேன். ஒன்றுக்குப் போட்டேன், பத்துக்குப் போட்டேன், கடைசியில் நானூற்றுப் பன்னிரண்டில் போய் நின்றது.

போட்டதோடு விட்டுவிடவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து செய்தி வந்தால் கடை வாசலில் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். நரிக்குடி பஸ் கண்டக்டர் அதை வாசித்துக்கொண்டு போய் வழி நெடுகச் சொல்லிவிடுவார். ஓடிபி வந்தால் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கிற மாதிரி கத்துவேன். நான்கு வருடத்தில் ஒரு பிள்ளைகூடப் பரீட்சையைத் தவறவிட்டதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் தகவல் தொழில்நுட்பக் கொள்கை மற்றும் தரநிலைகள் ஆட்சிக் குழு என்று ஒன்று இருக்கிறது. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும் என்பதால் இனி ஆட்சிக் குழு என்றே சொல்கிறேன். நாற்பத்தாறு கொள்கைகள் போட்டுவிட்டுச் சும்மா இருந்த அந்தக் குழு, நாற்பத்தேழாவதாக ‘ஓர் எண், ஓர் ஆள்’ என்று ஒரு கொள்கை போட்டது. ஒரு கைபேசி எண்ணில் எத்தனை கணக்குகள் இருந்தாலும் அவை ஒரே ஆளின் கணக்குகள். சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் ஆள். கணினி அவர்களை ஒன்றாகச் சேர்த்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்த்தும் விட்டது. எனக்கு ஒரு செய்தி வந்தது: ‘வருக, காளிராஜ்.’ ஏதோ கடன் விளம்பரம் என்று அழித்துவிட்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை காலையில் மாரிக்கனி கடைக்கு ஓடிவந்தாள். நரிக்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அப்பா வீரபத்திரன் ஆடு வைத்திருக்கிறார். இவள் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஷிப்டு பார்த்துக்கொண்டே பி.காம் முடித்தவள். கூட்டுறவு வங்கியில் உதவியாளர் வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறிவிட்டாள். மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. பட்டச் சான்றிதழை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வங்கியின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அந்தச் சான்றிதழைப் பல்கலைக்கழகத்தின் தளத்திலிருந்து இறக்க வேண்டும்.

“அண்ணே, ஏம் பதிவு நம்பரப் போட்டா ஒங்க பேரு வருதுண்ணே.”

“என்னத்தா சொல்ற? நல்லாப் பாத்துப் போட்டியா?”

“நாலு வாட்டி போட்டுட்டேன். வருக காளிராஜ்ங்குது. முப்பத்தெட்டு அரியர் இருக்குங்குது. எல்லா அரியரையும் முடிச்சாத்தான் சான்றிதழாம். நான் ஒரு பாடத்துலகூட பெயிலானதில்லண்ணே!”

நானே போட்டுப் பார்த்தேன். சரிதான். நானூற்றுப் பன்னிரண்டு பேரும் ஓர் ஆளானபோது அவர்கள் எல்லாருடைய அரியரும் ஓர் ஆளின் அரியராகிவிட்டது. அதில் பதினொன்று செல்வக்குமாருடையது. அவன் காரியாபட்டியில் லோடு வண்டி ஓட்டுகிறான். போன் போட்டேன்.

“ஏலே செல்வக்குமாரு, ஒன் பிசிக்ஸு அரியரால ஒரு பிள்ளைக்கு வேல போகப் போகுதுலே.”

“பிசிக்ஸா? அத நான் மறந்து ரெண்டு வருசமாச்சுண்ணே. சந்தைக்கு லோடு ஏத்திக்கிட்டிருக்கேன், பெறகு பேசுறேன்” என்று வைத்துவிட்டான்.

மாரிக்கனி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அப்புறம்தான் மெதுவாகச் சொன்னாள். “மில்லுல வேலய விட்டுட்டேண்ணே. சூப்பர்வைசர் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டு வந்துட்டேன், இனிமே வரமாட்டேன்னு.” ஷட்டரை இறக்கிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பல்கலைக்கழகம் அருப்புக்கோட்டை ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே, சீமைக்கருவேலங்காட்டுக்கு நடுவே இருக்கிறது. கேட்டில் சோலைச்சாமி என்று ஒரு காவலர். வயதானவர், நல்ல மனுஷன். உள்ளே போக ஒரு செயலியில் பதிய வேண்டும் என்றார். பதிந்தேன். வந்த காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி ஒரு பட்டியல் வந்தது: வெளிநாட்டுப் பிரதிநிதி, ஆய்வுக் குழு, சிறப்பு விருந்தினர், குளிர்சாதனப் பழுது.

“சான்றிதழ்னு ஒன்னும் இல்லையே அண்ணாச்சி?”

“இருக்காது தம்பி. பிள்ளைக இங்க வரக்கூடாதுன்னுதான எல்லாத்தயும் ஆன்லைன் ஆக்கிருக்காக. ஏசி ரிப்பேருன்னு போடுங்க, விட்டுரும்.”

போட்டேன். கேட் திறந்தது. ஆட்சிக் குழு அலுவலகத்தில் கண்காணிப்பாளர் சுபத்ரா மேடம் எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்து எழுந்தார். “வாங்க, வாங்க. ரெண்டு மாசமா ஒழுகுது” என்றார். விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். “மொதல்ல வந்த காரணத்த முடிங்க. பதிவுல அதுதான் இருக்கு” என்றார். நாற்காலி மேல் ஏறி ஏசியைத் திறந்து, பில்டரைக் கழற்றி ஜன்னல் வழியாக உதறி மாட்டினேன். ஒழுகல் நின்றது. அந்த அலுவலகத்தில் அந்த வாரம் உருப்படியாக நடந்த வேலை அது ஒன்றுதான்.

பிறகு மேடம் பொறுமையாகவே விளக்கினார். கெட்டவர் இல்லை. பேசும்போது அவருடைய கண் அடிக்கடி மானிட்டரின் ஓரத்துக்குப் போனது. அங்கே ஒரு மஞ்சள் தாளில் அவருடைய பாஸ்வேர்டு எழுதி ஒட்டியிருந்தது.

“இவங்க மாரிக்கனின்னு நீங்க சொல்றீங்க. கணினி காளிராஜ்னு சொல்லுது. நான் யாரை நம்புறது?”

“மேடம், ஆளப் பாருங்க. இந்தப் பிள்ளயப் பாத்தா காளிராஜ் மாதிரியா இருக்கு?”

“ஆளைப் பார்த்து முடிவு பண்றதா இருந்தா எதுக்கு சார் தரநிலை? அது பழைய முறை. அதுல தப்பு வந்துச்சு.”

“என்ன தப்பு வந்துச்சு?”

மேடம் யோசித்தார். “வந்திருக்கும்” என்றார்.

வழி இரண்டுதான். ஒன்று, முப்பத்தெட்டு அரியரையும் நவம்பர் மாதம் நான் உட்கார்ந்து எழுதித் தேற வேண்டும். இரண்டு, ஆட்சிக் குழு கூடி, மாரிக்கனியை என்னிலிருந்து பிரித்து விலக்குத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். குழு எப்போது கூடும் என்று கேட்டேன். தொடங்கி நான்கு வருடமாகிறது, இதுவரை ஒரு தடவைகூடக் கூடவில்லை என்றார். ஒன்பது உறுப்பினர்களும் இருந்தால்தான் கூட்டம் செல்லும். எட்டுப் பேர் இருக்கிறார்கள். ஒன்பதாவது, பயனாளர் பிரதிநிதி. அந்த நாற்காலி காலியாகவே இருக்கிறது.

“கூட்டமே போடாம எப்பிடி மேடம் நாப்பத்தேழு கொள்கை போட்டீங்க?”

“கொள்கையைச் சுற்றுக்கு விட்டுக் கையெழுத்து வாங்கலாம். விலக்குக்குத்தான் கூட்டம் வேணும்.”

குழுத் தலைவர் பேராசிரியர் ஜெகதீஸ்வரனிடம் அனுப்பினார். மனுஷன் வெள்ளைச் சட்டையில் பளிச்சென்று இருந்தார். என் பெயரைக் கேட்டதும் எழுந்து வந்து கையைக் குலுக்கினார்.

“காளிராஜ்! நீங்கதானா அது? இந்தப் பல்கலைக்கழக வரலாற்றிலேயே இவ்வளவு படிப்பு படிச்சவர் கிடையாது. ஆண்டறிக்கையில உங்களைப் போடப்போறோம்.”

“சார், நான் ஜெராக்ஸ் கடக்காரன் சார். இது மாரிக்கனி. இந்தப் பிள்ளைக்கு வெள்ளிக்கெழம அஞ்சு மணிக்குள்ள சான்றிதழ் வேணும்.”

“உட்காருங்கம்மா. பயனாளர் நலன்தான் எங்க மூச்சு.” அவர் சாய்ந்து உட்கார்ந்தார். ஒரு சொற்பொழிவுக்குத் தயாராகிறார் என்று தெரிந்தது. “ஆனா ஒன்னு புரிஞ்சுக்கணும். பயனாளர்கள் உள்ளே வர வரத்தான் ஒரு கணினி அமைப்புக்கு ஆபத்து. யாருமே பயன்படுத்தாத அமைப்புதான் நூறு சதவீதம் பாதுகாப்பானது. அந்த லட்சியத்தை நோக்கித்தான் நாங்க போயிட்டிருக்கோம். இந்த வருசம் எழுபது சதவீதம் எட்டிட்டோம். கொள்கை போடுறது சுலபமா இருக்கணும், விலக்கு கொடுக்கிறது சிரமமா இருக்கணும். அதுக்குப் பேர்தான் நல்லாட்சி.”

மாரிக்கனி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சார், மூனு வருசம் நான்தான் சார் படிச்சேன்” என்றாள்.

“அதை யாரும் மறுக்கலையேம்மா” என்றார் அவர் கனிவாக. “நீங்க படிச்சது உண்மை. ஆனா அது இப்ப இவருடைய பதிவுல இருக்கு.”

அப்புறம் அவருக்குத் திடீரென்று ஒரு யோசனை உதித்தது. பயனாளர் பிரதிநிதி முடங்காத கணக்கு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. நான்கு வருடமாக யாரைப் பிடித்தாலும் அவருடைய கணக்கு ஏதாவது ஒரு கொள்கையில் முடங்கிப்போயிருந்தது. என் கணக்கு மட்டும் நாற்பத்தேழு கொள்கைகளுக்கும் பொருந்தி, பச்சை விளக்கு எரிய நின்றுகொண்டிருந்தது. அங்கேயே என்னைப் பயனாளர் பிரதிநிதியாக நியமித்தார். பதவிக்காலம் ஐந்து ஆண்டு. கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிட்டார்கள். மாரிக்கனிக்கு அப்போதுதான் முகத்தில் சிரிப்பு வந்தது. “இனி நீங்களே உள்ள இருக்கீகண்ணே. முடிஞ்ச மாதிரிதான்” என்றாள். நானும் அப்படித்தான் நம்பினேன். என்ன மடத்தனம்!

புதன்கிழமை கூட்டம். பெரிய அறை, நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், முந்திரி பக்கோடா. மாரிக்கனி வெளியே வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். முதல் பொருள், சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை ஏற்பது. சென்ற கூட்டம் என்று ஒன்று இல்லாததால், இல்லாத கூட்டத்தின் குறிப்பு இல்லை என்பதை ஏற்றோம். அதற்கு அரை மணி நேரம் ஆனது. அடுத்தது, ‘பயனாளர்’ என்றால் யார் என்று வரையறுப்பது. ஒரு பேராசிரியர், கணினியைப் பயன்படுத்துபவர் என்றார். அது மிகவும் பரந்த வரையறை, கண்டவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள் என்று தள்ளிவைத்தார்கள்.

நான்காவது பொருள், பாஸ்வேர்டு ஒட்டுத்தாள். பாஸ்வேர்டில் இருபத்திரண்டு எழுத்து இருக்க வேண்டும், வாரம் ஒரு முறை மாற்ற வேண்டும் என்பது கொள்கை ஒன்பது. யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. ஆகவே எல்லாரும் தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டிக்கொள்கிறார்கள். அந்தத் தாள்கள் பல நிறத்தில், பல அளவில் இருப்பது தரக்குறைவு என்று குழு கவலைப்பட்டது. மஞ்சள் நிறம், மூன்றங்குலச் சதுரம், தூரத்திலிருந்தும் வாசிக்கும்படி கறுப்பு மையில் பெரிய எழுத்து என்று தரநிலை நிர்ணயித்தோம். ஏகமனதாக நிறைவேறியது. நானும் கையைத் தூக்கினேன். எப்படியாவது ஒன்பதாவது பொருளுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

ஒன்பதாவது பொருள் வந்தது: காளிராஜ் என்னும் மாணவரிடமிருந்து மாரிக்கனியைப் பிரித்தல். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இது உறுப்பினர் காளிராஜின் சொந்தக் கணக்கு சம்பந்தப்பட்டது. தன் விஷயத்தைத் தானே விவாதிக்கிறது முறையில்லை. உறுப்பினர் தயவுசெய்து வெளியே இருக்கணும்.”

நியாயம்தானே என்று எழுந்து வெளியே போனேன். கதவு மூடியது. ஒரு நிமிடத்தில் சுபத்ரா மேடம் ஓடிவந்து, “உள்ளே வாங்க. நீங்க வெளியே போனதும் ஒன்பது பேர் எட்டாயிட்டாங்க. கூட்டம் கலைஞ்சிருச்சு” என்றார். உள்ளே போனேன். கூட்டம் மறுபடி கூடியது. ஒன்பதாவது பொருளை எடுத்தார்கள். “உறுப்பினர் வெளியே இருக்கணும்” என்றார் தலைவர். வெளியே வந்தேன். கூட்டம் கலைந்தது. உள்ளே போனேன். கூடியது. நான்காவது தடவை வெளியே வந்தபோது மாரிக்கனி எழுந்து நின்று, “என்னண்ணே, என்ன சொல்றாக?” என்று கேட்டாள். “நான் உள்ள இருந்தா பேச மாட்டாகளாம், வெளிய இருந்தா பேச முடியாதாம்” என்றேன். அவள் பேந்தப் பேந்த என்னைப் பார்த்தாள்.

வியாழக்கிழமை நான் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். வேறு யாரையாவது பிரதிநிதியாகப் போட்டால் சிக்கல் தீரும் அல்லவா? சுபத்ரா மேடம் வாங்கி முத்திரை குத்திவிட்டு, ராஜினாமாவைக் கூட்டம்தான் ஏற்க வேண்டும் என்றார். கூட்டத்தில் அந்தப் பொருள் வந்தால், அது என் சொந்த விஷயம் என்பதால் நான் வெளியே போக வேண்டும். வெளியே போனால் கூட்டம் கலையும். “அப்ப நான் செத்தாத்தான் மேடம் இதுலருந்து விடுதலையா?” என்று கேட்டேன். கோபத்தில்தான் கேட்டேன். மேடம் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அதுக்கும் இறப்புச் சான்றிதழைக் கூட்டம் ஏற்கணும்” என்றார்.

ஏறாத இடம் இல்லை அன்றைக்கு. துணைவேந்தர் அலுவலகத்தில், ஆட்சிக் குழு தன்னாட்சி உடையது, தலையிட மாட்டோம் என்றார்கள். தேர்வுப் பிரிவில் மாரிக்கனியின் விடைத்தாள், மார்க் பட்டியல், போட்டோ எல்லாம் ரேக்கில் அப்படியே இருந்தன. அங்கிருந்த எழுத்தர் எடுத்தே காட்டினார். “இந்தப் பிள்ளதான்னு எனக்குத் தெரியுது சார். ஆனா பிரிண்டு கொடுக்கிற கணினி கேக்கணுமே” என்றார். வங்கிக்குப் போன் போட்டு ஒரு நாள் தவணை கேட்டாள் மாரிக்கனி. தேதி எல்லாருக்கும் ஒன்றுதான், ஐந்து மணிக்கு மேல் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னது நேர்மையான பதில்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குக் கூட்டம் மறுபடியும் கூடியது. அன்றைக்கு வீரபத்திரனும் வந்திருந்தார். ஆட்டை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு, வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு மகள் பக்கத்தில் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். “தம்பி, பெரிய படிப்பு படிச்சவுக எட்டுப் பேரு உக்காந்து பேசுறாக. நல்லதாத்தான் சொல்லுவாக” என்றார் என்னிடம். நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனேன்.

தலைவர் ஒரு தீர்வோடு வந்திருந்தார். நான் உடலால் வெளியே இருந்துகொண்டு, காணொளி வழியாக உள்ளே இருக்கலாம் என்றார். எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். நான் வராந்தாவில் போய் நின்றேன். காணொளிக் கூட்டத்துக்குப் பல்கலைக்கழக வைபைதான் பயன்படுத்த வேண்டும் என்பது கொள்கை இருபத்தாறு. வைபைக்குள் நுழைய ஓடிபி வந்தது. அதைக் குறித்த கட்டத்தில் போட்டேன். ‘இந்த எண்ணில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் இணைய முயல்கிறார்கள்’ என்று சொல்லி என்னை வெளியே தள்ளியது. திரும்பத் திரும்ப முயன்றோம். மணி மூன்றே கால் ஆனது. கணினிப் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். அவர் பாஸ்வேர்டு அன்று காலையோடு காலாவதியாகியிருந்தது. புதியதை எழுதி ஒட்டத் தரநிலைப்படியான மஞ்சள் தாள் அவருக்கு இன்னும் வந்துசேரவில்லை. அவரும் போய்விட்டார்.

சோலைச்சாமி தண்ணீர் கேன் கொண்டுவந்தவர் இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். “சார், கோவிச்சுக்கிறாதீக. ஒரு சேரை எடுத்து நெலப்படி மேல போட்டா, இவுக உள்ளயும் இல்ல, வெளியயும் இல்லல்ல?” என்றார். ஒரு பேராசிரியர் மெதுவாக, “இதை முன்மாதிரியா எடுத்துக்கலாமா?” என்றார். எடுத்துக்கொள்ளலாமா கூடாதா என்று விவாதம் தொடங்கியது.

நிலைப்படி கூட்ட அறைக்குச் சொந்தமா, வராந்தாவுக்குச் சொந்தமா? கட்டட வரைபடத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். வரைபடம் பொறியியல் பிரிவில் இருந்தது. அது வந்து சேர மணி நான்கே கால். அதில் நிலைப்படி எந்தப் பக்கமும் சேராமல் தனிக்கோடாக வரைந்திருந்தது. தலைவருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. நாற்காலி வந்தது. நிலைப்படியில் குறுக்கே போட்டார்கள். இடது கால் அறைக்குள், வலது கால் வராந்தாவில். அப்படியே உட்கார்ந்தேன்.

அந்த நாற்காலியில் நான் பட்ட பாடு என் விரோதிக்கும் வேண்டாம். இந்தப் பக்கம் திரும்பினால் எட்டுப் பேர் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் திரும்பினால் மாரிக்கனி, அப்பாவின் போனில் வங்கியின் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, படிவத்தைப் பாதி நிரப்பி, சான்றிதழ் ஏற்றும் கட்டத்தில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கம் அணைந்துவிடாமல் இருக்க அரை நிமிடத்துக்கு ஒரு தடவை திரையைத் தொட்டுக்கொண்டே இருந்தாள். அவள் என்னை நிமிர்ந்து பார்க்கும் ஒவ்வொரு தடவையும் நான் உள்ளே திரும்பிக்கொண்டேன். எனக்குப் பேசவும் உரிமையில்லை. நான் பேசினால் உள்ளே இருந்ததாகிவிடும்; எழுந்து போனால் வெளியே போனதாகிவிடும்.

நான்கு நாற்பது. தலைவர், “இது ஒரு வரலாற்று நிகழ்வு. ஆகவே உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் கருத்துச் சொல்லட்டும்” என்றார். சொன்னார்கள். ஒருவர் பயனாளர்தான் பல்கலைக்கழகத்தின் கண் என்றார். இன்னொருவர் முதுகெலும்பு என்றார். மூன்றாமவர், அவசரம் தரத்தின் எதிரி என்று தொடங்கி எட்டு நிமிடம் பேசினார்.

“சார், மணியப் பாருங்க சார்!” என்று கத்திவிட்டேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். “உறுப்பினர் விவாதத்தில் கலந்துகொண்டார்” என்றார் தலைவர் வருத்தத்தோடு. அதை மன்னிக்கலாமா என்று வாக்கெடுத்தார்கள். மன்னித்தார்கள். அதற்கு ஆறு நிமிடம்.

விலக்குத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியபோது மணி ஐந்து பன்னிரண்டு. உள்ளே கைதட்டல். நான் வராந்தாப் பக்கம் திரும்பினேன். மாரிக்கனி திரையைத் தொடுவதை நிறுத்தியிருந்தாள். வீரபத்திரன் கைதட்டலைக் கேட்டு எழுந்து நின்று, உள்ளே இருப்பவர்களை நோக்கிக் கும்பிட்டார். மகள் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். “முடிஞ்சிருச்சுப்பா” என்றாள். அவர், “முடிஞ்சிருச்சா, நல்லதும்மா” என்றார். அவருக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்தபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் திராணி இல்லை.

சான்றிதழ் சூடாக அச்சாகி வந்தது. மாரிக்கனி, தந்தை பெயர் வீரபத்திரன், பி.காம், முதல் வகுப்பு. தலைவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டார். ஆண்டறிக்கைக்குப் போட்டோ. “கொஞ்சம் சிரிங்கம்மா. நீங்கதான் எங்க முதல் விலக்கு” என்றார். அவள் சிரிக்கவில்லை. அழவும் இல்லை.

சுபத்ரா மேடம் நடவடிக்கைக் குறிப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். காலையிலேயே தட்டச்சு செய்து வைத்திருந்தார். ஒன்பது கையெழுத்தும் விழுந்தால்தான் தீர்மானம் செல்லும், தீர்மானம் சென்றால்தான் சான்றிதழ் செல்லும். கடைசி வரியை வாசித்தேன். ‘பயனாளர் உரிய காலத்தில் சான்றிதழைப் பெற்றுக்கொண்டு மகிழ்ச்சியும் நன்றியும் தெரிவித்தார்.’

“இதுல நான் போட மாட்டேன் மேடம். இந்தப் பிள்ள என்ன மகிழ்ச்சி தெரிவிச்சுச்சு? எங்க தெரிவிச்சுச்சு?” தாளை மேடம் பக்கம் தள்ளினேன். “ஒரு வாரமா நாயா அலஞ்சு வேலயப் பறிகொடுத்துட்டு நிக்கிது. இதுல நன்றி வேறயா?”

தலைவர் பக்கோடாத் தட்டைத் தன் பக்கம் நகர்த்தினார். மாரிக்கனிதான் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“போட்டுருங்கண்ணே. நான் சந்தோசப்பட்டேன்னே எழுதிக்கிறட்டும். போடலன்னா நாளைக்கு மறுபடியும் ஒங்க பேருக்குப் போயிரும். இதாச்சும் ஏம் பேருல இருக்கட்டும்.”

நிலைப்படியில் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டேன். மேடம் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தீர்மானம் நிறைவேறிய நேரத்தையும் என்னையே எழுதச் சொன்னார். ஐந்து பன்னிரண்டு என்று எழுதப் போனேன். என் கையைத் தடுத்தார். விலக்குத் தீர்மானம் நான்கே முக்காலுக்குப் பிறகு நிறைவேறினால் செல்லாது, கொள்கை பதினெட்டு என்றார். நான் மாரிக்கனியைப் பார்த்தேன். அவள் எழுதச் சொல்லித் தலையை ஆட்டினாள்.

நான்கு நாற்பத்தைந்து என்று எழுதினேன். அந்தத் தாளில் உள்ளபடி, சான்றிதழை ஏற்ற அவளுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது.